கருமவீரர் காமராசர்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர் திருமங்கலத்தைக் கடந்ததும் மண்ணின் நிறம் மாறக் காண்பர். கரிய மண் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். பெய்தால் சேறு, காய்ந்தால் வெடிப்பு. இதுவே கரிசல் நிலத்தின் இயல்பு. வற்றாத ஆறு எதுவும் இந்நிலத்தை நனைப்பதில்லை. வானம் பொழிந்தால் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். பொய்த்தால் உழவர் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வர். இந்நிலத்தின் நடுவே உள்ள விருதுநகருக்கு முற்காலத்தில் விருதுபட்டி என்று பெயர். அயலூர்களில் விளைந்த பருத்திக்கும் மிளகாய்க்கும் எண்ணெய் வித்துகளுக்கும் இவ்வூர்ச் சந்தையிலேதான் விலை கூறப்பட்டது. விளைச்சல் குன்றிய ஊர் வாணிகத்தால் வாழ்ந்தது. அவ்வூரில், 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், குமாரசாமி நாடார் என்னும் தேங்காய் வணிகருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. குலதெய்வமாகிய காமாட்சியின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். அன்னையார் அன்போடு ராசா என்று அழைத்தார். இரண்டும் கூடிக் காமராசர் என்னும் பெயர் நிலைத்தது.

பிற்காலத்தில் அம்மகவு சென்னை மாநிலத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. இந்தியாவின் தலைமையமைச்சர் இருவர் பதவியேற முன்னின்றது. அவர் பெற்ற புகழை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அவர்மீது எழுந்த குறைகளை அவ்வளவாகக் கேட்பதில்லை. அவரை உள்ளவாறு அறிய விரும்புவோர் இரண்டையும் அறிதல் வேண்டும்.

அவர் பிறந்த காலத்தில் இப்பகுதி நாடார் சமூகத்தினருக்குப் பல கோயில்களில் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1899-ஆம் ஆண்டில் சிவகாசியில் நடந்த கலவரமும் கொள்ளையும் அவ்வுரிமைப் பூசலை ஒட்டி எழுந்தவையே. பிறர் தர மறுத்ததைத் தாமே தேடிக்கொள்ள அச்சமூகத்தார் துணிந்தனர். உறவின்முறை என்னும் அமைப்பின் வாயிலாக வணிகர்கள் தம் வரவில் ஒரு சிறு பங்கை மகமையாகச் செலுத்தினர். பெண்டிர் நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு வைத்தனர். அப்பிடியரிசியை வீடுதோறும் திரட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தினர். சத்திரிய வித்தியாசாலை என்பது அப்பள்ளியின் பெயர். சிறுவர் காமராசர் அங்கேதான் பயின்றார். ஒரு பிடி அரிசி ஒரு பள்ளியைத் தாங்கும் என்பதை அவர் இளமையிலேயே கண்ணாரக் கண்டவர்.

ஆயினும் அப்பள்ளியில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆறு வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் தம் நகைகளை விற்றுக் கிடைத்த பணத்தை வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, அதன் வட்டியைக் கொண்டு மகனையும் மகள் நாகம்மையையும் வளர்த்தார். பாட்டி பார்வதி அம்மையார் பேரனைக் கண்ணினுள் மணியாய்க் காத்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் காமராசர் வேலைக்குச் சேர்ந்தார். துணி கிழித்துக் கொடுத்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் நாளிதழ்களிலும் அரசியல் கூட்டங்களிலும் கழிந்தது. 1919-ஆம் ஆண்டு பஞ்சாபில் ஜாலியன்வாலா பாகில் வெள்ளையர் படை மக்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. அன்று முதல் அவர் காங்கிரசின் தொண்டர்.

வீட்டார் அஞ்சினர். பையனை ஊரைவிட்டு அகற்றினால் இந்த எண்ணம் அகலும் எனக் கருதித் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் நடத்திய மரக்கடைக்கு அனுப்பினர். அங்கும் அவர் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் ஈடுபாடு கொண்டார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1924-இல் நடைபெற்ற போராட்டம் அது. மீண்டும் விருதுநகருக்கே அழைத்துக்கொண்டனர். மணம் முடித்தால் மனம் மாறும் என்றும் பார்த்தனர், அவர் இசையவில்லை. இறுதிவரை மணம் புரியாமலே வாழ்ந்தார்.

சிறை வாழ்வை விரித்துரைக்கப் புகுந்தால் இப்பாடம் முழுவதும் அதற்கே சரியாகும். 1930-இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிச் சிறை சென்று அலிப்பூரில் இருந்தார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவரைச் சிக்கவைக்க முயன்றனர். ஜார்ஜ் ஜோசப்பும் வரதராசலு நாயுடுவும் வாதாடி அவர் குற்றமற்றவர் என்பதை நிறுவினர். 1940-இல் காந்தியடிகளைக் காண வார்தாவுக்குச் செல்லும் வழியில் குண்டூரில் கைதாகி வேலூர்ச் சிறைக்குச் சென்றார். 1942-இல் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பும்போது, போலீசார் கண்ணில் படாமல் பல ஊர்களுக்கும் சென்று போராட்டச் செய்தியைத் தொண்டர்களுக்குச் சேர்ப்பித்தார். அப்பணி முடிந்த பின்னர், கைதாக ஆயத்தமாய் இருப்பதாகத் தாமே காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்பினார். அதன்பின் 1945-ஆம் ஆண்டு வரை சிறைவாசம். கூட்டிப் பார்த்தால் அவர் வாழ்வில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துள்ளன.

அச்சிறை நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் இங்குச் சொல்ல வேண்டும். அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சி உறுப்பினர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டனர். விடுதலை பெற்று வந்ததும் அவர் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்றார். உடனே அப்பதவியைத் துறந்துவிட்டார். காங்கிரசுப் பணி மிகுந்திருக்கும்போது முழுக் கவனம் செலுத்த இயலாத பதவியில் அமர்ந்திருத்தல் முறையன்று என்பது அவர் கருத்து. பதவியைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிடும் இவ்வியல்பு அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. அதுவே அவருக்குப் பெருமை சேர்த்தது. பெரும் பூசல்களுக்கும் காரணமாயிற்று.

அரசியலில் அவருக்கு ஆசான் சத்தியமூர்த்தி. 1936-இல் தமிழ்நாடு காங்கிரசுக்குச் சத்தியமூர்த்தி தலைவரானபோது காமராசர் செயலாளராக இருந்தார். 1940-இல் மாணவர் தலைவரானார். ஆசான் அவருக்குக் கீழ்ச் செயலாளராக அமர்ந்தார். அத்தகைய காட்சியை அரசியலில் காண்பது அரிது. இவ்விருவருக்கும் எதிரணியில் நின்றவர் இராஜாஜி. சட்டமும் இலக்கியமும் கற்றுத் துறைபோகிய பேரறிஞர் அவர். காமராசரோ ஆறாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மாநிலத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் தொண்டர் யார், அவர் நிலை என்ன என்று மனப்பாடமாய் அறிந்தவர். ஒருவர் நூலறிவால் நாட்டைக் கண்டார். மற்றவர் நடந்து கண்டார். இருவர்க்கும் இடையே எழுந்த போட்டி முப்பது ஆண்டுகள் தமிழக அரசியலை ஆட்டி வைத்தது.

அப்போட்டியின் கசப்பு காந்தியடிகளையும் தொட்டது. 1942-இல் காங்கிரசை விட்டு விலகிய இராஜாஜி, 1945-இல் மீண்டும் சேர வந்தார். காமராசரின் அணியினர் அதனை விரும்பவில்லை. 1946-இல் சென்னைக்கு வந்து திரும்பிய காந்தியடிகள், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் செயற்படுவதாகப் பொருள்படத் தம் அரிசன் இதழில் எழுதினார். காமராசர் மனம் வருந்திக் காங்கிரசின் சட்டமன்றக் குழுவிலிருந்து விலகினார். தாம் தெய்வமாய்ப் போற்றிய ஒருவரிடமிருந்து வந்த அச்சொல் அவரை எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அவர் காந்தியடிகளை ஒருபோதும் இகழ்ந்ததில்லை. தம் அணியைக் கலைத்துவிடவும் இல்லை.

பின்னர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரும், இராசபாளையம் குமாரசாமி ராசாவும் முதலமைச்சர் ஆனதற்குக் காமராசரின் ஆதரவே துணை. அவர்தாம் அரசரை ஆக்குபவர் என்று நாளிதழ்கள் எழுதின. முன்னால் நில்லாமல் பின்னால் நின்று ஆட்டுவிப்பவர் என்று பிறர் குறை கூறினர். 1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. அந்நெருக்கடியில் இராஜாஜி முதலமைச்சர் ஆனார். மறு ஆண்டு அவர் தொடக்கக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தினார். நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருக்கும் பள்ளிகளைக் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது இராஜாஜியின் கணக்கு. தந்தை தொழிலே மகனுக்கு என்றால் சாதி எப்போது ஒழியும் என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கேட்டனர். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954 மார்ச்சில் இராஜாஜி விலகினார்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்தது. இராஜாஜியின் அணியினர் சி. சுப்பிரமணியத்தை நிறுத்தினர். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த பரமேசுவரனுக்கு அறநிலையத் துறையை அளித்தார். ஆலயங்களில் அவ்வமைச்சருக்குப் பூரண கும்பத்தோடு வரவேற்பு அளிக்கப்பட்டது. தம் இளமையில் சிவகாசிக் கலவரத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்த ஒருவர் அதனை எந்த மனத்தோடு நோக்கியிருப்பார்!

பதவியேற்றதும் அரைநாட் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். கைவிடுதல் எளிது. அதற்கு மாற்றாக என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. பள்ளிகள் போதவில்லை, இருந்த பள்ளிகளுக்கும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் காமராசருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர் பிறந்த கரிசல் மண்ணே அதற்கு விடை கூறிற்று.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்து காற்று உலர்ந்த இப்பகுதி அத்தொழிலுக்கு ஏற்றதாக அமைந்தது. வேளாண்மைக்குக் கேடான வெயிலே தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நன்மையாயிற்று. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் தீப்பெட்டிச் சாலைகள் பெருகின. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடியவர்க்கு ஊரிலேயே கூலி கிடைத்தது. ஆனால் அக்கூலியில் ஒரு பகுதி சிறுவர் சிறுமியரின் கூலி. மெல்லிய குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் விரைவாக ஓடும். பள்ளிக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. வேலைக்குச் சென்றால் அரை வயிறாவது நிரம்பும். இந்நிலையில் ஓர் ஏழைத்தாய் பிள்ளையை எங்கே அனுப்புவாள்?

பள்ளியிலேயே ஒரு வேளை உணவு கிடைக்குமானால் அவள் பள்ளிக்கு அனுப்புவாள் என்று காமராசர் கருதினார். பணத்துக்கு எங்கே போவது என்று நிதியறிந்தோர் தயங்கினர். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவருக்கு உற்ற துணையாய் நின்றார். முதலில் ஊராரின் கொடையைக் கொண்டே தொடங்கினர். பின்னர் அரசு பெரும்பங்கை ஏற்க, எஞ்சியதை ஊர் ஏற்றது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அம்மதிய உணவுத் திட்டம் 1956 முதல் மாநிலமெங்கும் பரவிற்று. விருதுபட்டியின் பிடியரிசிக் கலயம் மாநிலம் முழுவதுக்கும் பொதுவாயிற்று என்று கூறலாம். 1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒருவர் கரும்பலகை தந்தார். ஒருவர் கூரை வேய்ந்தார். ஒருவர் நிலம் அளித்தார். 1961 முதல் அமெரிக்க மக்களின் கேர் என்னும் உதவி அமைப்பு பால்மாவும் எண்ணெயும் அனுப்பிற்று. சீருடையும் கட்டணமில்லாக் கல்வியும் தொடர்ந்து வந்தன.

இத்திட்டத்தால் குழந்தை உழைப்பு அடியோடு ஒழிந்தது என்று கூறினால் அது மெய்யாகாது. சிவகாசிப் பகுதித் தீப்பெட்டிச் சாலைகளில் அதன்பின்னும் பல்லாண்டுகள் சிறுவர் வேலை செய்தனர். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்று தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. ஆனால் கூலிக்குப் போகாமல் பள்ளிக்குச் செல்லவும் ஒரு வழி உண்டு என்பதை ஏழைக் குடும்பங்களுக்கு முதலில் காட்டியது அந்த ஒரு வேளைச் சோறே.

அணைகளும் ஆலைகளும் அவர் ஆட்சியில் பல எழுந்தன. வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், அமராவதி, கிருட்டிணகிரி அணைகளும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், திருச்சிக் கொதிகலன் தொழிற்சாலையும், கிண்டித் தொழிற்பேட்டையும் அவர் காலத்தில் அமைந்தவை அல்லது அடிக்கல் பெற்றவை. இவற்றை மாணவர் பிற நூல்களிலும் காணலாம்.

முதலமைச்சராய் இருந்தபோதும் அவர் அன்னையார் விருதுநகரில் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். மாதந்தோறும் ஒரு சிறு தொகையே மகனிடமிருந்து வரும். நகராட்சியார் அவ்வீட்டுக்குள் தனிக் குடிநீர்க் குழாய் அமைத்துக் கொடுத்ததை அறிந்து, அதனை அகற்றச் செய்தார் என்று ஊரார் இன்றும் கூறுவர். தாய்க்கு இவ்வளவு கடுமை வேண்டுமா என்று கேட்போரும் அவ்வூரில் உண்டு.

இனி அவருடைய ஆட்சியில் எழுந்த பெரும் வழக்குகளைக் காண்போம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த அம்மலைப் பகுதிகளுக்காகக் காமராசர் போதிய அளவு வாதாடவில்லை என்று பலர் குறை கூறினர், இன்றும் கூறுகின்றனர். இந்தியா என்னும் ஒரே நாட்டுக்குள் எல்லை எங்கிருந்தால் என்ன என்பது அவர் நோக்கு. அந்நோக்கில் ஒரு பெருந்தன்மை உண்டு. ஆனால் எல்லையில் வாழும் மக்களுக்கு எல்லை பெரிதே.

அதே ஆண்டில் அவருடைய சொந்த ஊரிலேயே அவருக்கு எதிராக ஒரு கிழவர் உண்ணாது கிடந்தார். சங்கரலிங்கனார் என்பது அவர் பெயர். காமராசரைப் போலவே விருதுநகரின் வணிகக் குடியில் பிறந்தவர், காங்கிரசில் தொண்டாற்றியவர், காந்தியடிகளின் நெறியில் நின்றவர். சென்னை மாநிலம் என்னும் பெயரை நீக்கித் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவர் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் தலையாயது. அமைச்சர்கள் எளிய வாழ்வு வாழ வேண்டும் என்பன போன்ற வேறு கோரிக்கைகளும் இருந்தன. 1956 சூலை 27-ஆம் நாள் விருதுநகர் தேசபந்துத் திடலில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அண்ணாதுரை, ம. பொ. சிவஞானம், ஜீவானந்தம் முதலிய தலைவர்கள் வந்து கண்டனர்; நோன்பை விடுமாறு பலரும் வேண்டினர். அவர் விடவில்லை. அரசும் இறங்கவில்லை. பெயரை மாற்றுவது நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. பிற கோரிக்கைகள் சிலவும் மாநில அரசின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எழுபத்தைந்து நாட்களுக்கு மேல் உண்ணாது கிடந்த சங்கரலிங்கனார், அக்டோபர் 13-ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

ஒரே ஊர், ஒரே கட்சி, ஒரே ஆசான். ஒருவர் ஆட்சிப் பீடத்தில்; ஒருவர் திடலில். அரசின் வாதத்தில் சட்டம் இருந்தது. ஆயினும் ஒரு சட்டமன்றத் தீர்மானத்தை இயற்றித் தில்லிக்கு அனுப்ப எச்சட்டமும் தடையாய் இருந்திருக்காது. காமராசரின் ஆட்சியில் ஆறாத வடு எது என்று கேட்டால் பலரும் இதனையே சுட்டுவர். 1961-இல் தமிழில் எழுதும்போது தமிழ்நாடு என்று வழங்க அவர் அரசு இசைந்தது. 1967-இல் அண்ணாதுரையின் அரசு பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14 முதல் அப்பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. காமராசர் அதனைக் காண உயிரோடிருந்தார்.

மறு ஆண்டு, 1957 செப்டம்பரில், இதே இராமநாதபுர மாவட்டத்தின் முதுகுளத்தூர்ப் பகுதியில் சாதிப் பூசல் மூண்டது. தாழ்த்தப்பட்டோரின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். ஊர்கள் எரிந்தன; இரு பக்கத்தும் பலர் மாண்டனர். கீழத்தூவலில் போலீசார் சுட்டதில் ஐவர் இறந்தனர். முத்துராமலிங்கத் தேவர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டு, 1959-இல் விடுதலை பெற்றார். அரசு ஒரு சாராரை அடக்குமுறைக்கு ஆளாக்கிற்று என்று சிலரும், முன்னரே விழித்திருந்தால் எளியோர் உயிர்கள் தப்பியிருக்கும் என்று வேறு சிலரும் சட்டமன்றத்திலும் வெளியிலும் குறை கூறினர். தம் மாவட்டத்தையே முதலமைச்சர் அமைதியாய் வைத்திருக்க இயலவில்லை என்பது அவருக்குப் பெருந்துயரம்.

1962 தேர்தலில் அவர் மூன்றாம் முறை முதலமைச்சரானார். ஆனால் திராவிட முன்னேற்றக் கழகம் ஐம்பது இடங்களைப் பெற்று வளர்ந்து நின்றது. சீனப் போரில் நேர்ந்த தோல்வியால் நாடெங்கும் காங்கிரசின் செல்வாக்குச் சரிந்தது. மூத்தவர் எல்லாரும் பதவியில் அமர்ந்திருக்க, மக்களிடம் செல்வோர் யாருமில்லை என்று காமராசர் கண்டார். தாம் பதவி துறந்து கட்சிப் பணிக்குச் செல்ல நேருவிடம் இசைவு கேட்டார். மூத்த தலைவர்கள் பலரும் அவ்வாறே செய்யலாம் என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. காமராசர் திட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. மத்திய அமைச்சர் அறுவரும் மாநில முதலமைச்சர் அறுவரும் பதவி துறந்தனர். 1963 அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் கோட்டையைவிட்டு வெளியேறினார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவர் வாசிங்டன், இரு முறை ஆண்டபின் மூன்றாம் முறை நிற்க மறுத்து 1797-இல் தம் பண்ணைக்குத் திரும்பினார். அவர் வீடு திரும்பியது ஓய்வுக்காக. காமராசர் வெளியேறியது வேறொரு பணிக்காக. அப்பணியும் அதிகாரமற்றது அன்று. ஆகவே ஐயங்கள் எழுந்தன. வேண்டாதவரை அகற்றுவதற்கு நேரு கண்ட சூழ்ச்சியே இது என்று மொரார்ஜி தேசாய் கருதினார். துறந்தவருள் லால் பகதூர் சாஸ்திரி சில மாதங்களிலேயே மீண்டும் அமைச்சரானது அவ்வையத்தை வளர்த்தது. தமிழகத்தில் பெரியார், இது தற்கொலைக்கு ஒப்பாகும் என்று காமராசரை எச்சரித்தார். காமராசர் கேட்கவில்லை.

1964 சனவரியில் புவனேசுவரத்தில் அவர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். ஆங்கிலத்தில் மேடையேறி முழங்கும் பழக்கம் அவருக்கு இல்லை, இந்தியும் தெரியாது. பிறர் பேசுவதை நெடுநேரம் கேட்பார், சுருக்கமாக விடையளிப்பார். அந்த மே மாதம் நேரு மறைந்தார். காமராசர் தலைவர்களையும் உறுப்பினர்களையும் தனித்தனியே கண்டு, அவர்கள் கருத்தைத் திரட்டிச் சாஸ்திரியைப் பதவியில் அமர்த்தினார். போட்டியின்றி அம்மாற்றம் நிகழ்ந்தது உலகை வியக்க வைத்தது. 1966 சனவரியில் சாஸ்திரி தாசுகண்டு நகரில் இறந்தார். காமராசரே பதவியேற்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர், அவர் மறுத்துவிட்டார். இந்திரா காந்தி 355 வாக்குகள் பெற்று, 169 வாக்குகள் பெற்ற மொரார்ஜி தேசாயை வென்றார். ஆனால் அதே ஆண்டு சூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, கட்சித் தலைவரான காமராசரைப் புதிய தலைமையமைச்சர் கலந்துகொள்ளவில்லை. தாம் ஏற்றி வைத்தவர் தம்மைக் கேட்டு நடப்பார் என்று அவர் எண்ணியிருந்தால், அவ்வெண்ணம் அன்றே பொய்த்தது.

தமிழகத்திலோ பெரியாரின் எச்சரிக்கை மெய்யாகிக்கொண்டிருந்தது. 1965-இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பக்தவத்சலத்தின் அரசு அதனைக் கடுமையாக அடக்கிற்று. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். இந்தியைத் திணிக்கலாகாது என்பதே காமராசரின் கருத்து. ஆனால் சுட்டது அவர் கட்சியின் அரசு. ஆகவே பழி அவரையும் சேர்ந்தது. அரிசித் தட்டுப்பாடும் வந்து கூடியது. 1967 தேர்தலில் அவர் தம் பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே நின்றார். எதிர்த்து நின்றவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். தேர்தல் நேரத்தில் விபத்தில் காயமுற்றுக் காமராசர் படுக்கையில் இருந்தார். 1,285 வாக்குகளில் தோற்றார். வென்ற கட்சியின் தலைவர் அண்ணாதுரையே இச்செய்தி கேட்டு மகிழவில்லை என்பர். பள்ளிகளைத் திறந்த முதலமைச்சர் ஒரு மாணவரிடம் தோற்றது குறித்து அன்று பலரும் பலவாறு பேசினர். காமராசர், மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார், எவரையும் நொந்துகொள்ளவில்லை.

1969 சனவரியில் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அவ்வாண்டே காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. இந்திரா காந்தி ஒரு பக்கம். காமராசர், நிசலிங்கப்பா முதலிய மூத்தோர் மறு பக்கம். ஏழைகளின் கட்சி எது என்னும் கேள்வியில் மக்கள் இந்திராவின் பக்கம் சாய்ந்தனர். மூத்தோர் குழு பணக்காரர்களுக்குத் துணை நிற்பதாகக் கூறப்பட்டது. குடிசைப் பிள்ளைக்குச் சோறிட்ட காமராசருக்கு அப்பெயர் பொருந்தாது. ஆனால் அவரோடு நின்ற எல்லாருக்கும் பொருந்தாது என்று சொல்ல இயலாது. 1971 தேர்தலில் வியப்பான ஒன்று நடந்தது. முப்பது ஆண்டுகள் எதிர்த்து நின்ற இராஜாஜியும் காமராசரும் ஒரே அணியில் நின்றனர். அவ்வணி வெல்லவில்லை. காமராசர் மட்டும் நாகர்கோயிலில் வென்றார். அடுத்த ஆண்டு திசம்பரில் இராஜாஜி மறைந்தார்.

1975 சூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜெயப்பிரகாச நாராயணரும் மொரார்ஜி தேசாயும் சிறைப்பட்டனர். வெள்ளையன் சிறையில் எட்டாண்டுகள் கழித்த முதியவருக்கு, விடுதலை பெற்ற நாட்டில் தோழர்கள் சிறை சென்ற செய்தி தாங்க இயலாததாயிற்று. உடல்நலம் குன்றியது. அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, சென்னை தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. முதலமைச்சர் கருணாநிதி இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளைச் செய்தார். இந்திரா காந்தியும் தில்லியிலிருந்து வந்தார். கிண்டியில், காந்தி மண்டபத்தின் அருகே அவர் உடல் எரியூட்டப்பட்டது. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்தினா விருது அளிக்கப்பட்டது.

அவர் குடியிருந்த சென்னை வீடு வாடகை வீடு. அதனுள் இருந்தவை கதர் வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் ஒரு சிறு தொகையுமே. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட புதிய மாவட்டம் சில ஆண்டுகள் காமராசர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. சிவகாமி அம்மையார் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. சந்தைத் தெருக்களின் நடுவே, அகலம் குறைந்த தெருவில் உள்ள சிறிய வீடு அது.